உப்புவெளியில் புதுவீடு, முதல் நத்தார்: வாங்கிய அலங்காரச் சாமான்கள் ஒரு மாரியைத் தாங்கினவா?

நேரமில்லாதவர்களுக்கு முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். ஆறடி மரம் வாங்கலாம். 950 ரூபாய் லைற் சரம் வீட்டுக்குள் போட என்றால் வாங்கலாம், வெளியே வேண்டாம். மடக்குக் கடதாசி நட்சத்திரம் எங்கள் பக்கத்துக்கு வேண்டவே வேண்டாம். குடில் செற்றைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகக் கதைக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் வீடு திருகோணமலை உப்புவெளியில், நிலாவெளி வீதியில் இருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில். போன ஒக்டோபரில் பாதர் வந்து மந்திரித்துத் தர, பெட்டி படுக்கையோடு குடிபுகுந்தோம். வாடகை வீட்டில் இருந்த காலமெல்லாம் ரீவிக்குப் பக்கத்தில் வைக்கிற ஒரு குட்டி மரம்தான் எங்கள் நத்தார். அங்கே வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்க விடவில்லை. சொந்த வீட்டில் இவர் விடவில்லை. புட்டி பூசி, இரண்டு கோட் பெயின்ற் அடித்த சுவராம்.

ஒன்லைனில் நான் தேடிப் படித்ததெல்லாம் கொழும்பு மாடிவீட்டுக்காரர் எழுதியவை. மரம் அழகா, லைற் பளிச்சென்று எரிகிறதா என்பதோடு அவர்களுக்கு வேலை முடிந்துவிடும். திருகோணமலையில் டிசம்பர் என்றால் வாடைக்காற்று. மழை மேலிருந்து விழாது, பக்கவாட்டில் விறாந்தைக்குள் வரும். காற்றோடு உப்பும் வரும். பெட்டியில் பனிப்படம் போட்டு விற்கிற சாமான் இதைத் தாங்குமா என்று எழுத ஒருவரும் இல்லாதபடியால் நான் எழுதுகிறேன். பிளெக்ஸ் துணி நட்சத்திரத்தையும் வெளியே போட்ட லைற் சரத்தையும் வைக்கோலையும் தவிர மற்றதெல்லாம் சென்ட்ரல் றோட்டில் ஒரே கடையில் வாங்கியவை. கடையின் பெயரைப் போடவில்லை. காரணம் கீழே வாசிக்கும்போது விளங்கும்.

முதலில் மரம், 11,500 ரூபாய். இவருக்கு எட்டடி வேண்டுமாம், புதுவீட்டு ஹோல் பெரிதாம். நான் ஆறடியில் நின்றேன். கடையில் ஒரே உயரத்தில் மூன்று விலையில் மரம் இருந்தது. எதனால் விலை கூடுகிறது என்று கேட்டால் விற்கிற தம்பி, “இது குவாலிட்டி அக்கா” என்பதோடு நிறுத்திக்கொண்டார். பெட்டியின் பக்கவாட்டைப் பார்த்தால் விடை இருக்கிறது. கொப்பு நுனிகள் எத்தனை என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். உயரம் ஒன்றாக இருந்தாலும் நுனி குறைந்த மரத்தில் நடுத்தண்டு பச்சைக் குழாயாகத் துருத்திக்கொண்டு தெரியும். நாங்கள் எடுத்தது நடு விலை, 600 நுனி. சுவர் மூலையில் வைக்க அது காணும். ஹோலின் நடுவில் வைத்து நாலு பக்கமும் பார்க்கிற மாதிரி என்றால் காணாது.

கொப்பு தண்டோடு பிணைச்சலில் பொருத்தி வருகிறதா, தனித்தனியாகக் கொளுவ வேண்டியதா என்பதையும் கேளுங்கள். எங்களுடையது பிணைச்சல் வகை. குடை விரிகிற மாதிரித் தானாக விழும், ஆனால் விழுந்த உடனே மரமாகாது. ஒவ்வொரு கொப்பிலும் தண்டுப் பக்கம் தொடங்கி வெளியே வர வேண்டும். ஒரு நுனியை மேலே, ஒன்றை இடது பக்கம், ஒன்றை வலது பக்கம் என்று வளைக்க வேண்டும். இதைச் செய்யாதவர்கள்தான் “படத்தில் இருந்த மாதிரி இல்லை” என்று திட்டி எழுதுகிறார்கள். நானும் மகளும் இருந்து ஒரு பின்னேரம் முழுக்கச் செய்தோம். கை முழுக்கக் கீறல். முதல் நாள் பிளாஸ்ரிக் மணமும் அடித்தது, யன்னலைத் திறந்துவிட்டால் போய்விடும். சின்ன வயதில் எங்கள் வீட்டில் கடற்கரைச் சவுக்குக் கொப்பை வெட்டி மண் போட்ட வாளியில் நடுவார்கள். அது பாலன் பிறக்க முதலே காய்ந்து கொட்டிவிடும், அம்மா கூட்டிக்கொண்டே திரிவா. இந்த மரம் கொட்டவே இல்லை என்று சொல்லமாட்டேன். முதல் வாரம் பச்சைத் துகள் மாபிளில் கிடந்தது. பிறகு நின்றுவிட்டது.

குறை என்றால் கால். மூன்று கால் பிளாஸ்ரிக் ஸ்ராண்ட், மாபிள் தரையில் வழுக்கும். அதே கடையில் இரும்புக் கால் வைத்த மரம் 2,000 ரூபாய் கூட. வீட்டில் தவழ்கிற குழந்தையோ பூனையோ இருந்தால் அந்த 2,000 ரூபாயைப் போடுங்கள். நாங்கள் காலுக்குக் கீழே கயிற்றுக் கால்மிதி ஒன்றை விரித்து, ஒவ்வொரு காலிலும் மணல் கட்டிய சொப்பிங் பை வைத்து, மேலே சிவப்புத் துணியால் மூடினோம். அசையவில்லை.

இன்னொரு விசயம் எந்தப் பெட்டியிலும் எழுதியிருக்காது. சீலிங் பான். மரத்தில் சரிகை நாடா சுற்றி, உச்சியில் இருந்து ஒரு முனையைத் தொங்கவிட்டிருந்தாள் மகள். நான் பானை மூன்றில் போட்டேன். நாடா மெல்ல எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, பான் தண்டில் ஏறிக்கொண்டது. மரமும் பின்னாலேயே சரியத் தொடங்கியது. மாமிதான் பிடித்தா. அன்றில் இருந்து எங்கள் வீட்டில் சரிகை நாடா இல்லை. கண்ணாடிக் குமிழும் துணி வில்லும் மட்டும். நாடா இல்லாமல் மரம் இன்னும் வடிவாகத்தான் இருக்கிறது, நாடா சுற்றுவது ஒரு பழைய காலத்துப் பழக்கம்.

இனி லைற். 950 ரூபாய்க்கு நூறு பல்ப் எல்ஈடி சரம், எட்டு விதமாக மினுங்கும் பெட்டியோடு. வெளியேயும் போடலாமா என்று நான் கேட்டுத்தான் வாங்கினேன். “தாராளமாப் போடலாம் அக்கா, எல்லாரும் மதிலுக்குத்தான் கொண்டு போறாங்க” என்றார் தம்பி. இவர் அதை விறாந்தைத் தூணில் சுற்றினார். காற்றோடு மழை வந்த முதல் இரவிலேயே வீடு முழுக்க இருட்டு. ட்ரிப் சுவிட்ச் விழுந்துவிட்டது. தூக்கினால் திரும்ப விழுகிறது. மாமி குளியலறைக்குள், மகள் பாதிக் குளிப்பில் நின்றவள் மாதிரி ஹோலில் கத்துகிறாள், இவர் டோர்ச் தேடுகிறார்.

அடுத்த நாள் எங்கள் வீட்டுக்கு வயரிங் செய்த கிண்ணியா நானாவைக் கூப்பிட்டோம். சரம் வந்த அட்டைப் பெட்டியைக் கேட்டார். மூலையில் பொடி எழுத்தில் “ஐபி 20” என்று இருந்ததைக் காட்டினார். இரண்டாவது இலக்கம்தான் தண்ணீருக்கு என்றார். பூச்சியம் என்றால் தண்ணீருக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை. நாலு என்றால் எந்தப் பக்கத்தால் தெறித்தாலும் தாங்கும். ஐந்து என்றால் குழாயால் பீச்சினாலும் தாங்கும். “உங்கட பக்கத்துக்கு ஐபி 44க்குக் குறைஞ்சா வெளியால போடாதீங்க தங்கச்சி. கடலோரத்துக்கு 65 இன்னும் நல்லம்.” மினுங்கும் பெட்டிக்குள் தண்ணீர் போய், 230 வோல்ற் மண்ணுக்குக் கசிந்திருக்கிறது. அதைத்தான் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் பிடித்திருக்கிறது. சுவிட்சைத் திட்டிக்கொண்டிருந்த இவர் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

நானா இன்னொன்றையும் பிடித்தார். புது வீடுகளில் இப்போது எல்லா இடமும் 13 அம்பியர் சதுரப் பின் சொக்கற். சரத்தோடு வருவதோ இரண்டு பின் பிளக். மேல் ஓட்டைக்குள் பேனை மூடியைக் குத்தித் திறந்து, இரண்டு பின்னைச் செருகுவது ஊர் முழுக்க நடக்கிற வேலை. பிளக் இறுகிப் பிடிக்காது, சூடேறும் என்று சொல்லி, பியூஸ் உள்ள அடப்டர் ஒன்று வாங்கச் சொன்னார். சில நூறு ரூபாய்தான்.

கடைக்குச் சரத்தைத் திருப்பிக் கொண்டுபோனேன். எரிந்துபோனதை மாற்றச் சொல்லவில்லை, வெளியே போடக்கூடிய சாமானைக் காட்டுங்கள், மிச்சக் காசைத் தருகிறேன் என்றேன். “லைற் சாமானுக்கு ரிட்டேன் இல்லை” என்று பில்லின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். பில்லை நீட்டும்போது பின்பக்கத்தைக் காட்டாதவர்கள், திருப்பிக் கொண்டுவரும்போது மட்டும் காட்டுகிறார்கள். போடலாம் என்று சொன்ன தம்பி அன்றைக்கு லீவாம். ஒரு விசயத்தில் நியாயமாக இருக்க வேண்டும்: கடையில் வேலை செய்கிற மற்றப் பிள்ளைகள் மரியாதையாகத்தான் கதைத்தார்கள், மரத்துக்குக் கழிவும் தந்தார்கள். ஆனாலும் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறதென்று வாசிக்கத் தெரியாமல் மின்சாரச் சாமான் விற்கக் கூடாது.

வெளியே போட வேறிடத்தில் 3,200 ரூபாய்க்கு ஒரு சரம் எடுத்தோம். வயர் தடித்த இறப்பர், ஒவ்வொரு பல்ப்புக்கும் அடியில் அடைப்பு. பிளக்கிலேயே ட்ரான்ஸ்போமர் இருக்கிறது, அதைத் தாண்டி வயரில் போவது 31 வோல்ற்தான். இது மாரி முழுக்கத் தூணில் கிடந்தது, ஒரு தரமும் ட்ரிப் விழவில்லை. ட்ரான்ஸ்போமரை மட்டும் மழை படாமல் உள்ளே வையுங்கள். வயரை யன்னல் இடுக்கால் எடுக்கும்போது வெளியே ஒரு தொங்கல் விட்டு எடுங்கள், இல்லையென்றால் மழைத்தண்ணீர் வயர் வழியே சொக்கற் மட்டும் நடந்து வரும்.

கரண்ட் பில்லுக்குப் பயப்படுகிறவர்களுக்கு: இந்தச் சரம் 6 வோட். ஆறு மணியில் இருந்து பதினொரு மணி வரை மாதம் முழுக்க எரித்தாலும் ஒரு யூனிட் வராது. மழை நின்ற இரவுகளில் ஹோலில் சீலிங் பானைப் போட்டுவிட்டு லைற்றை அணைக்கச் சொல்கிற அப்பாமாருக்கு இதைக் காட்டுங்கள்.

நட்சத்திரத்துக்கு வருவோம். கடையில் வாங்கியது ஏழு முனை மடக்குக் கடதாசி நட்சத்திரம், ஓட்டை ஓட்டையாக வெட்டி, உள்ளே பல்ப் போடுவது. பெட்டியில் இருந்து எடுத்தபோது உண்மையிலேயே வடிவு. விறாந்தைக் கூரைக்குக் கீழேதான் தொங்கவிட்டோம், மழை நேரே படவே இல்லை. ஈரக் காற்று மட்டும் பட்டது. திருவருகைக் காலத்து (நத்தாருக்கு முந்திய நாலு வாரம்) இரண்டாம் ஞாயிறு வர முதல் முனைகள் தொய்ந்து, பசை விட்டு, ஒரு முனை வாயைத் திறந்துகொண்டு நின்றது. கொழும்பில் யன்னலுக்கு உள்பக்கம் மாட்டுகிறவர்கள் வாங்கட்டும்.

சந்தைப் பக்கம் வெசாக் காலத்தில் வெளிச்சக்கூடு கட்டி விற்கிற அண்ணர் ஒருவர் இருக்கிறார். நத்தாருக்கு நட்சத்திரம் கட்டுகிறார் என்று கேள்விப்பட்டு இவர் போனார். 1,400 ரூபாய். அலுமினியப் பட்டியில் ஐந்து முனைச் சட்டம். அதன் மேல் பனர் அடிக்கிற பிளெக்ஸ் துணி, வெள்ளைப் பக்கம் வெளியே வர இழுத்துத் தைத்திருக்கிறார். பகலில் பார்த்தால் சுமார். தையல் கோணல், ஒரு முனை மற்றதை விடக் கொஞ்சம் நீளம். காற்று அடித்தால் படபடவென்று சத்தமும் போடும்.

இரவு பல்ப்பைப் போட்டவுடன்தான் விசயம் தெரிந்தது. பிளெக்ஸ் துணி பழைய பனர். உள்பக்க அச்சு வெளிச்சத்தில் தெரிகிறது. ஒரு முனையில் “உயர்தரம்” என்று தலைகீழாக. இன்னொரு முனையில் யாரோ ஒரு ரியூஷன் சேரின் அரைவாசி மீசை. ஒழுங்கையால் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அண்ணரிடம் சொன்னபோது அடுத்த நாளே புதுத் துணி போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம் என்றார். மகள் கொடுக்க விடவில்லை. மூன்று ராசாக்களும் ரியூஷனுக்குத்தான் போகிறார்கள் என்று சிநேகிதிகளுக்குப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். வாடையில் ஒரு தையல் விடவில்லை, சட்டம் கறள் பிடிக்கவில்லை. வாங்கியதில் மிக நல்ல சாமான் இதுதான். வாங்கும்போது துணியை வெயிலில் பிடித்துப் பாருங்கள், அவ்வளவுதான். உள்ளே எல்ஈடி பல்ப் மட்டும் போடுங்கள், பழைய குண்டு பல்ப் சூட்டில் பிளெக்ஸ் உருகும்.

குடில் செற், 6,800 ரூபாய். ரெசினில் செய்த பதினொரு சுரூபம், ஐந்து அங்குல உயரம். கடையில் சோக்குச் சுரூபமும் இருந்தது, விலை பாதி. அம்மா வீட்டில் இருந்தது சோக்குதான். மாரி ஈரத்தை உறிஞ்சி, மாதாவின் நீல முக்காட்டுப் பெயின்ற் கொப்புளித்து உதிர்ந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதனால் ரெசின். ஈரத்துக்கு நல்லாக நின்றது. முகங்கள் பரவாயில்லை, மூன்று ராசாக்களுக்கும் ஒரே முகம், தாடி நிறம் மட்டும் வேறு. செம்மறி சூசையப்பரின் இடுப்பு வரை வருகிறது. இதெல்லாம் பெரிய குறையில்லை.

பெரிய குறை என்னவென்றால், பாலன் தொட்டிலோடு ஒட்டி வருகிறார். ஒரே வார்ப்பு. கழற்ற ஏலாது. நத்தார் இரவுத் திருப்பலி முடிந்து வந்து, வீட்டில் கடைக்குட்டி பாலனைக் கொண்டுபோய் வெறும் தொட்டிலில் வைப்பதுதான் எங்கள் வீடுகளில் குடிலின் முழு விசயமும். இந்தச் செற்றைச் செய்தவர்களுக்கு அது தெரியாது. மாதத் தொடக்கத்திலேயே பாலன் பிறந்து படுத்திருப்பார், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். வாங்க முதல் தொட்டிலைக் கையில் எடுத்து, பாலன் தனியா என்று பாருங்கள். தனி என்றால் மற்றக் குறை எதையும் பார்க்காமல் வாங்குங்கள்.

மாமி தன்னுடைய ரங்குப் பெட்டியில் இருந்து ஒரு பாலனை எடுத்தா. அவவின் தாய் வைத்திருந்ததாம், சோக்கு, மூக்கு கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. எங்கள் சூசையப்பரை விட நீளம். செற்றோடு வந்த தொட்டிலை அலுமாரியில் வைத்துவிட்டு, இவர் பலகைத் துண்டில் வேறொன்று அடித்தார். இப்போது குடிலில் தாய் தகப்பனை விடப் பிள்ளை பெரிது. பாதர் பார்த்துச் சிரித்துவிட்டு ஒரு கதை சொன்னார்: 1223இல் கிரேச்சோவில் பிரான்சிஸ் அசிசியார் அமைத்த குடிலில் இருந்தது தீவனத் தொட்டியும் வைக்கோலும் உயிருள்ள மாடும் கழுதையும்தானாம். பதினொரு துண்டு செற்றுக்குக் காசு இல்லை என்று கவலைப்படுகிறவர்கள் வைக்கோலில் இருந்து தொடங்கலாம்.

அந்த வைக்கோலை மட்டும் கவனமாகக் கொண்டு வாருங்கள். இவர் தம்பலகாமத்துச் சிநேகிதர் வீட்டில் ஒரு கட்டு வாங்கி, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். பஸ் ஸ்ராண்ட் பக்கம் நிற்பாட்டி, ஒரு பிளேன்ரீ குடிக்கப் போயிருக்கிறார். திருகோணமலைக்காரருக்கு மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. ஊருக்குள் திரிகிற புள்ளிமான் இரண்டு நின்று இழுத்துக்கொண்டிருந்ததாம், சுற்றி வெளியூர்ச் சனம் போன் பிடித்துக்கொண்டு. வீட்டுக்கு வந்தது அரைக்கட்டு. அது காணும்.

குடிலுக்குப் பச்சைப் புல் என்று கடையில் 450 ரூபாய்க்கு விற்கிற பிளாஸ்ரிக் விரிப்பு வேண்டாம். மாமி நெல்லை ஒரு இரவு ஊறவைத்து, பிஸ்கற் ரின் மூடியில் மண் பரப்பித் தூவினா. பத்து நாளில் நாலு விரல் உயரம், அதுவே வயல். தண்ணீர் கூடினால் பூஞ்சணம் பிடிக்கும், கையால் தெளித்தால் போதும்.

சுவர் அலங்காரத்தில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. புது இமல்ஷன் முழுதாக இறுகப் பல வாரம் எடுக்கும். அதற்கு முதல் செலோரேப்பும் ஒட்டுக் கொக்கியும் பெயின்ற்றோடு சேர்ந்து கழன்று வரும். யன்னல் சேலைத் தடியிலும் கிறிலிலும் கட்டக்கூடியதை மட்டும் வாங்குங்கள்.

ரைமர் பிளக் வாங்கி வெளி லைற்றைத் தானாக எரிய விடுகிறவர்களுக்கு ஒன்று. 26ஆம் திகதி எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் லைற் போடுவதில்லை. 2004இல் கடல் வந்த நாள், காலை 9.25க்கு எல்லோரும் அஞ்சலிக்காக வாசலில் நிற்பார்கள். முதல் நாள் இரவே ரைமரைக் கழற்றி வையுங்கள்.

மூவிராசாக்கள் திருநாள் முடிய எல்லாவற்றையும் கழற்றினோம். மரத்தின் பெட்டிக்குள் மரம் திரும்பப் போகாது, போராடிப் பார்க்க வேண்டாம். பிணைச்சல்களைக் காய்ந்த துணியால் துடைத்து, கொஞ்சம் தையல் மெசின் எண்ணெய் பூசி, பழைய படுக்கை விரிப்பில் சுற்றிக் கட்டி, அலுமாரிக்கு மேல் வைத்திருக்கிறோம். உப்புக் காற்றுக்கு முதலில் கறள் பிடிப்பது அந்தப் பிணைச்சல்தான். அடுத்த முறை அந்தக் கடைக்குப் போவேனா என்றால், மரத்துக்கும் குமிழுக்கும் போவேன். வாரநாளில் காலையில் போனால் பெட்டியைப் பிரித்து, லைற்றை மேசையிலேயே எரித்துக் காட்டுவார்கள். டிசம்பர் பிறந்த பிறகு சனக்கூட்டத்தில் கேட்டால் காட்ட மாட்டார்கள்.